போனில் வேண்டாம் என்றவர்

யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அவருடைய கண் எதிரில் நிற்பவரின் தோளைத் தாண்டிப் போய்விடும். பின்னால் இன்னும் பெரிய ஆள் யாராவது வந்திருக்கிறாரா என்று தேடும். அப்படி ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால், நாம் பாதி சொல்லியிருந்ததை அந்தரத்தில் விட்டுவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். திரும்பி வந்து மீதியைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

திருத்தங்கலில் அவருடைய அப்பா நடத்திய அச்சகத்தின் மேல்மாடியில் வீடியோ கேம் கம்பெனி ஒன்றை வைத்திருந்தார். நான் அங்கே படம் வரைகிறவன். அதற்கு முன்னால் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். மயில், கிளி, ராக்கெட் மேல் உட்கார்ந்து சிரிக்கும் குழந்தை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஊர் வழக்கப்படி, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணாச்சியா? நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்? சார்னு கூப்பிடுங்க."

அதற்குப் பிறகு சார்தான். பேச்சையும் சென்னைக்காரர் போல மாற்றி வைத்திருந்தார். ஆனால் கோபமோ சந்தோஷமோ தலைக்கேறினால் போதும், விருதுநகர் மாவட்டம் முழுவதும் வாயில் வந்து நிற்கும்.

கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மாடியில் எங்கள் மேஜைகள் லேசாக அதிரும். எங்களுக்கு அது பழகிவிட்டது. அவருக்குத்தான் அவமானமாக இருந்தது. ஒருமுறை வெளிநாட்டில் இருந்த யாரோ ஒருவரோடு வீடியோவில் பேச வேண்டியிருந்தது. காலண்டர் சீசன். கீழே ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. இவர் இறங்கிப் போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அவருடைய அப்பா உடனே நிறுத்திவிட்டார். மகன் வெளிநாட்டுக்காரரோடு பேசுவதைப் பார்க்க ஆசைப்பட்டாரோ என்னவோ, மை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்து கதவோரம் நின்றார். கேமராவில் அவர் தெரிந்திருக்கிறார். அது யார் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். இவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"பில்டிங் ஓனர்" என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. கட்டடம் அப்பாவுடையதுதான். பெரியவருக்கு அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளும் புரிந்தன. இருந்தாலும் லேப்டாப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். அப்புறமும் இயந்திரம் ரொம்ப நேரம் நின்றே கிடந்தது.

எங்களோடு ஸ்டெல்லா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். விளையாட்டின் விதிகளை யோசிப்பதும் அதற்கு நிரல் எழுதுவதும் அவள் வேலை. அவளுடைய அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், தீக்காய வார்டில். எங்கள் பகுதியில் அந்த வார்டுக்கு யார் வருவார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நாட்களைப் பார்த்து வளர்ந்தவள் ஸ்டெல்லா. அவளுக்கு ஒரு யோசனை இருந்தது.

பட்டாசு ஆலையின் ஒரு சின்ன அறைதான் விளையாட்டு. வெயில் ஏறிக்கொண்டே வரும். வெடிமருந்து காயும் தட்டுகளைச் சூடு பிடிப்பதற்குள் நிழலுக்கு மாற்ற வேண்டும். தட்டைத் தூக்கத்தான் வேண்டும், இழுத்தால் உராயும். அறைக்குள் ஆள் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லோடு ஏற்ற லாரி வந்து ஆரன் அடித்துக்கொண்டே இருக்கும், அவசரப்படக் கூடாது. தப்பு செய்தால் திரை வெள்ளையாகிவிடும். அடுத்து அதே அறை பூட்டியிருக்கும். வாசலில் யாருடைய செருப்பும் இருக்காது. அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து.

"வெடிக்கிறதைக் காட்டலையா?" என்று நான் கேட்டேன்.

"காட்டுனா அதைப் பாக்குறதுக்குன்னே தப்பு பண்ணுவாக அண்ணே. நானே பண்ணுவேன்" என்றாள்.

அந்த விளையாட்டுக்கு 'மருந்து ரூம்' என்று பெயர் வைத்தோம். சாருக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடித்துப்போனதில்தான் எங்கள் கஷ்டம் ஆரம்பித்தது.

இதை எதில் விளையாடுவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார். போனிலா, கம்ப்யூட்டரிலா, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் பெட்டியிலா, கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் கண்ணாடியிலா என்று பலகையில் எழுதினார். எங்கள் தொழிலில் இதைப் பிளாட்ஃபார்ம் என்பார்கள். அந்த வார்த்தை கீழே அச்சகம் வரை போயிருந்தது. பெரியவர் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "என்ன தம்பி, பிளாட்பாரம் பிளாட்பாரம்ங்கிறான். ரோட்டோரமாக் கடை போடப் போறானா?" என்று கவலையாகக் கேட்டார்.

கூட்டத்தில் ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள்.

"யாரு விளையாடப் போறாங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுவோம் சார். அதுக்கப்புறம் எதுலங்கிறது தானா வந்துரும். ஆலையில வேலை பாக்குற அக்காமாருக்குத்தான் இது. அவுககிட்ட இருக்குறது சின்ன போனு. கண்ணாடி கீறியிருக்கும், இடம் இருக்காது, நெட்டு பாதி நேரம் கிடைக்காது. அதுல ஓடுற மாதிரி சின்னதாச் செஞ்சாப் போதும்."

"ஆலைக்குள்ள போனே விட மாட்டாங்களே" என்று மடக்கினார் அவர்.

"வேலை நேரத்துல எதுக்கு சார்? காலையிலயும் சாயங்காலமும் கம்பெனி பஸ்ல சும்மாதான உக்காந்து வாராக. அங்கன விளையாடுவாக."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு எரிச்சலூட்டும். "ஸ்டெல்லா, யாரு விளையாடுறாங்கங்கிறது முக்கியமே இல்ல. யாரு பாக்குறாங்கங்கிறதுதான் முக்கியம். போன் கேம்னா எவன் மதிப்பான்?"

அவரைப் பற்றி வேறெதுவும் சொல்லாமல் இந்த இரண்டு வரியை மட்டும் சொன்னால்கூட ஆளைப் பிடித்துவிடலாம். ஆனாலும் அன்றைக்கு, எப்படியோ, சரி போனிலேயே செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். வேறு யாரும் வேறு எதையும் சொல்லாததால் இருக்கலாம். நாங்கள் செய்து முடித்தோம். ஒரு வேப்ப மரம், நாலு சுவர், ஒரு கதவு, தலையில் துண்டு கட்டிய பெண்கள். எவ்வளவு குறைவாக வரைந்தால் போனில் கனமில்லாமல் ஓடும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

அவர் பெங்களூருக்கு ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒருவர் கம்ப்யூட்டர் கேம்தான் கௌரவம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். வேப்ப மரத்துக்குக் கூடுதலாக இலைகள் வந்தன. அதை முடிப்பதற்குள் வேறொருவர் கன்சோல்தான் எதிர்காலம் என்றார். இலைகள் காற்றில் தனித்தனியாக அசைய ஆரம்பித்தன. கடைசியாகப் பார்த்தவர் கடைசியாக என்ன சொன்னாரோ அதுதான் அவருடைய கொள்கை. அவர் வெளியூர் கிளம்பினாலே செய்து வைத்ததையெல்லாம் நாங்கள் பத்திரப்படுத்த ஆரம்பித்துவிடுவோம். திரும்பி வரும்போது யாருடைய கருத்தோடு வருவாரோ என்று.

இதற்கிடையில் ஸ்டெல்லா போன் விளையாட்டை விடவில்லை. ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஒன்றில் ஏறினாள். டிரைவர் அவளுக்குத் தெரிந்தவர். பட்டாசு ஆலைப் பெண்களை ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோகும் பஸ். எல்லோருடைய கையிலும் மருந்தின் வெள்ளி நிறம் போகாமல் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா தன் போனை முன் சீட்டில் இருந்த பேச்சியம்மா என்ற அக்காவிடம் கொடுத்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கிப் பளபளத்துக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே அந்தப் போனைச் சுற்றி நின்றது.

"ஏ, இழுக்காதக்கா, தூக்கு, தூக்கு!"

"தூக்கத்தான்டி செய்றேன், அது நகந்தாத்தான!"

"லாரிக்காரன் கத்துனாக் கத்திட்டுப் போறான், நீ எதுக்கு ஓடுற?"

திரை வெள்ளையானது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அடுத்து பூட்டிய கதவு வந்தது. பேச்சியம்மா போனை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னைய நானே வேலைய விட்டு நிறுத்திக்கிட்டேன் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். "இன்னொருக்கா குடு தாயி." இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போய், டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். ஸ்டெல்லாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் இதையெல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவருடைய கண் வழக்கம்போல அவள் தோளைத் தாண்டிச் சுவரில் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "பஸ்ஸுல விளையாடுறதுக்கா நான் கம்பெனி ஆரம்பிச்சேன்?" என்றார். பிறகு திடீரென்று, "அந்தக் கையில தீக்காயம் பட்ட லேடி, அவங்க நல்லாப் பேசுவாங்களா?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்டார் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

அந்த வாரமே விஆர் கண்ணாடி வந்தது. முகத்தில் மாட்டினால் சுற்றிலும் அந்த அறைக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். திரும்பினால் சுவர், குனிந்தால் தரை. இதில்தான் 'மருந்து ரூம்' வெளிவரும் என்று அறிவித்தார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். தப்பு செய்தால் வெடிக்க வேண்டும். தீ வர வேண்டும். சத்தம் காதைப் பிளக்க வேண்டும்.

"வேண்டாம் சார்" என்றாள் ஸ்டெல்லா. "அதுல பாடமே போயிரும். வேடிக்கையாயிரும்."

"வேடிக்கைக்குத்தாம்மா காசு குடுப்பான். பாடத்துக்கு எவன் குடுப்பான்?"

அவள் அந்தப் பகுதியைச் செய்ய மறுத்துவிட்டாள். அவர் வெளியே ஆள் வைத்துச் செய்துகொண்டார்.

அறிமுக விழாவை சிவகாசியில் ஏசி போட்ட ஒரு மண்டபத்தில் வைத்தார். ஆலை முதலாளிகள் சிலர் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து கோட்டு போட்டவர்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கு அவருடைய கண்ணுக்கு எந்தத் தோளைத் தாண்டுவது என்றே தெரியவில்லை. கால்மணி நேரம் பேசிவிட்டு, "இப்ப ஒரு உண்மையான தொழிலாளி உங்க முன்னால விளையாடுவாங்க" என்று கையை நீட்டினார். பின்பக்கமிருந்து பேச்சியம்மா வந்தார். புதுச் சேலை. தலையில் பூ. கார் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பஸ்ல விளையாண்டோமே, அதான?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். அதற்குள் சார் கண்ணாடியை எடுத்து அந்த முகத்தில் மாட்டிவிட்டார்.

ஸ்டெல்லா, "சார், அவுககிட்டச் சொல்லீட்டீங்களா? உள்ள வெடிக்கும்னு சொல்லீட்டீங்களா?" என்று கேட்டபடி மேடைக்கு ஓடினாள். அவர் சிரித்த முகத்தோடு அவளைக் கையால் தடுத்தார். பின்னால் இருந்த பெரிய திரையில் பேச்சியம்மா பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் வரைந்த அறை. தட்டு. வெயில். முதலில் அவர் நன்றாகத்தான் விளையாடினார். தட்டைத் தூக்கி நிழலில் வைத்தார். மண்டபத்தில் கைதட்டினார்கள். அடுத்த தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் உராய்ந்தது.

வெடித்தது.

பேச்சியம்மா கத்தியது அலறல் என்றுகூடச் சொல்ல முடியாது. கீழே விழுந்து, முழங்காலிட்டுத் தவழ்ந்து, இரண்டு கையாலும் மேடைத் தரையைத் துழாவினார். "ஏ மாரி! மாரி! கதவு இங்கன இருக்குடி, இங்கன வா! வாடி!" மாரி அவருடைய தங்கை. பேச்சியம்மாவின் கையில் அந்தத் தழும்பு ஏற்பட்ட தீயிலிருந்து மாரி வெளியே வரவில்லை. இது அதுவரை ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் தெரியாது. சாருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்தேதான் கூட்டி வந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் சார் வாயில் ஊர்ப் பேச்சு வந்தது.

"பாத்தீகளா! எம்புட்டு நெசமா இருக்கு பாத்தீகளா!"

அவ்வளவு சந்தோஷம். கோட்டு போட்டவர்கள் பக்கம் திரும்பித் திரும்பிச் சொன்னார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். முன்வரிசையில் இருந்த வயதான ஆலை முதலாளி ஒருவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். நான் பேச்சியம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். தலையில் இருந்த பூ அறுந்து கழுத்தில் தொங்கியது. எங்களுக்குப் பின்னால் சார் வீடியோ எடுப்பவரிடம், "எல்லாம் எடுத்தாச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். பாதி வழியில் பேச்சியம்மா கழுத்தில் தொங்கிய பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டெல்லாவின் கையைத் தட்டிக்கொடுத்து, அவளைத் தேற்றுவது போலச் சொன்னார். "பொம்மைதான்னு எனக்குத் தெரியும் தாயி. ஆனா கதவு சரியா அங்கனதான் இருந்துச்சு."

மறுநாள் சார் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட்கள் பேசுவதாகச் சொன்னார். ஸ்டெல்லா இனிப்பை எடுக்கவில்லை.

"நான் வேலைய விட்டுப் போறேன் சார்."

"ஏன், என்னாச்சு?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாதது. நடிக்கவே இல்லை அவர்.

"அந்தப் போன் கேமை மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

எனக்குப் பக்கென்றது. அது சட்டப்படி கம்பெனியின் சொத்து. மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அவளுடைய இத்தனை மாத உழைப்பும் அதில்தான் இருந்தது. அவர் இன்னொரு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பஸ் கேமா? அந்தக் குப்பைய எடுத்துட்டுப் போம்மா. எனக்கு எதுக்கு அது? வேணும்னா எழுதிக்கூடத் தாரேன்."

எழுதியும் கொடுத்தார். தாராள மனது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேண்டாத பழைய செருப்பைத் தூக்கிப் போடுவது போலத்தான் கொடுத்தார். அந்த மாத முடிவில் நானும் விலகி மறுபடி லேபிள் வரையப் போய்விட்டேன்.

விஆர் கண்ணாடியை யாரும் வாங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள், மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒரே ஒரு ஆலைக்காரர் மட்டும் ஒரு செட் வாங்கி முதலாளி அறையில் வைத்தார். தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகள் வெடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றே தட்டை இழுத்து இழுத்து விளையாடி அதை உடைத்துவிட்டார்கள். சார் மாடியில் இருந்த கம்பெனியை மூடிவிட்டார். அந்த இடத்தில் இப்போது காலண்டர் பண்டில்கள் அடுக்கியிருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார்.

ஸ்டெல்லா காரியாபட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். 'மருந்து ரூம்' எந்த ஆப் ஸ்டோரிலும் இல்லை, எங்கேயும் விற்கவில்லை. அவள் அதைப் பேச்சியம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு நெட் இல்லாமலே அனுப்பலாம். பேச்சியம்மா பக்கத்து சீட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து அடுத்த பஸ்ஸுக்குப் போனது. போன சீசனில் லேபிள் வேலையாக ஒரு ஆலைக்குப் போயிருந்தபோது, வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டால் நிஜ ஆலையில் எங்காவது ஒரு தட்டு இழுக்கப்படாமல் தூக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சாரைக் கடைசியாக விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. கொஞ்சம் பருத்திருந்தார். கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாம்பார் ஊற்றி முடித்ததும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேமை வெளிய விட்டுச்சாமே?"

"ஆமா சார். நிறைய பேரு விளையாடுறாங்க."

கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. "நிறையன்னா? எத்தனை டவுன்லோடு?"

"அது தெரியாது சார். ஸ்டோர்ல போடல. கைக்குக் கை போகுது. கணக்கே கிடையாது."

"கணக்கே கிடையாதா? அவ பேராவது அதுல இருக்கா?"

"இல்ல."

அவருடைய முகம் தெளிந்தது. நெடுநாள் இருந்த வயிற்றுவலி விட்டதுபோல ஒரு பெருமூச்சு வந்தது.

"அப்ப எவனும் பாக்கல" என்றார்.

நான் என் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்தேன். அவர் சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்கினார். பிறகு பாயச வாளியோடு எங்களைத் தாண்டிப் போனவரை, "ஏலே தம்பி, இங்கன வா" என்று கூப்பிட்டு, இலை நிறைய ஊற்றச் சொன்னார்.